பைக் 'டோட்டல் லாஸ்' ஆகுமா ஆகாதான்னு ரினியூவல் அன்னைக்கே பாதி முடிவாயிடுது



ஆக்சிடென்ட் ஆன பைக்கை சர்வீஸ் சென்டர்ல விட்டு நாலஞ்சு நாள் கழிச்சு ஒரு போன் வரும். "சார், எஸ்டிமேட் ரொம்ப ஏறிடுச்சு. இது டோட்டல் லாஸ்ல போயிடும் போல." பெரும்பாலானவங்க அப்போதான் முதல் தடவையா பாலிசி பேப்பரைத் தேடுவாங்க. இஞ்சின் ஓடுது, வீல் சுத்துது, இதை எப்படி 'டோட்டல்'னு சொல்றாங்கன்னு கோபம் வரும். இன்னொரு பக்கம், வண்டி அப்பளமா நொறுங்கிக் கிடக்கும். ஆனா கம்பெனி "ரிப்பேர்தான்"னு சொல்லும். அதுக்கும் கோபம் வரும்.

ரெண்டு கோபத்துக்கும் ஒரே காரணம்தான். டோட்டல் லாஸ் என்பது வண்டியின் நிலைமையைப் பார்த்து மெக்கானிக் சொல்ற தீர்ப்புன்னு நாம நினைச்சுக்கறோம். உண்மையில் அது ஒரு கணக்கு. அந்தக் கணக்கில் வர்ற முக்கியமான ரெண்டு விஷயத்தை நீங்களே, போன ரினியூவல் அன்னைக்கு, மொபைலில் ரெண்டு நிமிஷத்தில் முடிவு பண்ணியிருப்பீங்க. "ஐடிவி குறைச்சா பிரீமியம் மிச்சம்" என்ற அறிவுரை பைக் விஷயத்தில் தப்பான அறிவுரை என்பது என் கருத்து. ஏன்னு கணக்கோட சொல்றேன்.

முதலில் ஒரு செக்

உங்க பாலிசியை இப்பவே எடுத்துப் பாருங்க. 2018 செப்டம்பரிலிருந்து புது டூவீலர் வாங்குறப்போ 5 வருஷத்துக்கு தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் சேர்த்தே எடுக்கணும்னு உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி கட்டாயம் ஆச்சு. ஆனா உங்க வண்டிக்கு ஆகுற சேதத்துக்கான 'ஓன் டேமேஜ்' கவர் பெரும்பாலும் முதல் ஒரு வருஷத்துக்குத்தான் இருக்கும். நிறைய பேர் "அஞ்சு வருஷ இன்சூரன்ஸ் இருக்கே"ன்னு நிம்மதியா ஓட்டிட்டு இருப்பாங்க. இரண்டாவது வருஷத்திலிருந்து ஓன் டேமேஜை தனியா ரினியூ பண்ணலைன்னா, உங்க பைக் உடைஞ்சாலும் திருடு போனாலும் கம்பெனி ஒரு ரூபாய் தராது. டோட்டல் லாஸ் பற்றிய பேச்சே அங்க கிடையாது. இதுக்கு மேல சொல்றது எல்லாமே ஓன் டேமேஜ் இருக்கிறவங்களுக்கு.

ஐடிவி எப்படி வருது?

ஐடிவி என்றால் உங்க வண்டிக்கு நீங்களும் கம்பெனியும் ஒப்புக்கொண்ட மதிப்பு. அதே பிராண்ட், அதே மாடலுக்கு பாலிசி தொடங்குற அன்னைக்கு கம்பெனி அறிவிச்சிருக்கிற விற்பனை விலையை எடுத்து, வண்டியின் வயசுக்கு ஏற்ப தேய்மானம் கழிப்பாங்க. 6 மாசத்துக்குள் 5 சதவீதம், 1 வருஷத்துக்குள் 15, 2 வருஷத்துக்குள் 20, 3 வருஷத்துக்குள் 30, 4 வருஷத்துக்குள் 40, 5 வருஷத்துக்குள் 50. இது இந்திய மோட்டார் டாரிஃப் காலத்திலிருந்து வர்ற அட்டவணை. 5 வருஷம் தாண்டின வண்டிக்கும், உற்பத்தி நின்னு போன மாடலுக்கும் அட்டவணை இல்ல. ரெண்டு தரப்பும் பேசி ஒப்புக்கொள்கிற தொகைதான்.

இதில் கவனிக்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு, ஐடிவி என்பது ஷோரூம் விலையிலிருந்து வருது, ஆன்ரோடு விலையிலிருந்து இல்ல. நீங்க கட்டின லைஃப் டேக்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன் செலவு, முதல் வருஷ இன்சூரன்ஸ் எதுவும் இதில் வராது. தமிழ்நாட்டில் 1 லட்சத்துக்கு மேல் விலை உள்ள புது பைக்குக்கு லைஃப் டேக்ஸே 12 சதவீதம். அது போனது போனதுதான். 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' ஆட்-ஆன் எடுத்திருந்தால் மட்டும் அதன் நிபந்தனைப்படி கிடைக்கும்.

ரெண்டாவது, பாலிசி வருஷம் முழுக்க, டோட்டல் லாஸ் கிளெய்முக்கு அந்த ஐடிவிதான் வண்டியின் சந்தை மதிப்பு. "இப்போ மார்க்கெட்ல இந்த வண்டி இவ்வளவுக்குப் போகாது சார்"னு சொல்லி பதினோராவது மாசத்தில் குறைக்க முடியாது. இப்படி யாராவது பேசினால் பாலிசி பேப்பரைக் காட்டுங்க. அதிலேயே எழுதியிருக்கும்.

75 சதவீதக் கோடு

வண்டியை மீட்டு ரிப்பேர் பண்ண ஆகுற மொத்தச் செலவு, பாலிசி நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது 'கன்ஸ்ட்ரக்டிவ் டோட்டல் லாஸ்'. வண்டி முழுசா அழியலைன்னாலும், அழிஞ்ச மாதிரி கணக்கு வைச்சு செட்டில் பண்றதுன்னு அர்த்தம்.

இந்த வாக்கியத்தில் 'பாலிசி நிபந்தனைகளுக்கு உட்பட்டு' என்ற மூணு சொல்லை எல்லாரும் தாண்டிப் போயிடறாங்க. சர்வீஸ் சென்டர் தர்ற எஸ்டிமேட் ஒரு தொகை. சர்வேயர் அதில் தேய்மானம் கழிச்சு, ஆக்சிடென்ட்டுக்கு சம்பந்தமில்லாத பார்ட்ஸை நீக்கி, "கம்பெனி இவ்வளவு தரணும்"னு போடுறது வேற தொகை. அந்த மூணு சொல்லை வைச்சுப் படிச்சா, 75 சதவீதத்தோட ஒப்பிட வேண்டியது ரெண்டாவது தொகையைத்தான். சர்வீஸ் அட்வைசர் எஸ்டிமேட்டைப் பார்த்துட்டு "டோட்டல்"னு சொல்றதும், சர்வேயர் "ரிப்பேர்"னு சொல்றதும் இதனாலதான். ரெண்டு பேரும் வேற வேற தொகையைப் பார்த்துப் பேசுறாங்க.

தேய்மானம் எவ்வளவுன்னு பார்ப்போம். பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பார்ட்ஸ், டயர், டியூப், பேட்டரிக்கு 50 சதவீதம். கண்ணாடிக்குக் கிடையாது. உலோக பார்ட்ஸுக்கு வண்டி வயசைப் பொறுத்து: 6 மாசம் வரை கிடையாது, 1 வருஷம் வரை 5, 2 வருஷம் வரை 10, 3 வருஷம் வரை 15, 4 வருஷம் வரை 25, 5 வருஷம் வரை 35 சதவீதம். பெயிண்டிங்கில் மெட்டீரியல் செலவில் பாதி; பில்லில் பிரிச்சுக் காட்டலைன்னா மொத்த பெயிண்டிங் தொகையில் 25 சதவீதத்தை மெட்டீரியல்னு எடுத்துக்குவாங்க. லேபருக்குக் கழிவு இல்ல. கடைசியா டூவீலருக்கு கட்டாயக் கழிவு 100 ரூபாய்.

இன்னைக்கு வர்ற பைக்குகளில் ஹெட்லைட் டூம், சைடு பேனல், மட்கார்டு, இண்டிகேட்டர்னு பாதி வண்டி பிளாஸ்டிக். அதனால காரை விட பைக்கில் இந்த 50 சதவீதம் பலமா அடிக்கும்.

ஒரே ஆக்சிடென்ட், மூணு முடிவு

இப்போ கணக்கு. ஷோரூம் விலை 1,20,000 ரூபாய் உள்ள ஒரு 150 சிசி பைக். வயசு ரெண்டேகால் வருஷம் இருக்கும்போது ரினியூவல். அட்டவணைப்படி 30 சதவீதம் கழிச்சால் ஐடிவி 84,000. ஆறு மாசம் கழிச்சு முன்பக்கம் மோதி ஃபோர்க், வீல், டேங்க், பேனல் எல்லாம் போச்சு. எஸ்டிமேட் 78,000 ரூபாய்: உலோக பார்ட்ஸ் 36,000, பிளாஸ்டிக் மற்றும் ரப்பர் 22,000, லேபர் 12,000, பெயிண்டிங் 8,000. புரிஞ்சுக்க வசதியா, சர்வேயர் எல்லா பார்ட்ஸையும் ஒத்துக்கிட்டார்னு வைச்சுக்குவோம்.

தேய்மானம்: உலோகத்தில் 15 சதவீதம் 5,400. பிளாஸ்டிக்கில் பாதி 11,000. பெயிண்டிங்கில் மெட்டீரியல் 2,000, அதில் பாதி 1,000. மொத்தம் 17,400. கட்டாயக் கழிவு 100 சேர்த்து 17,500. கம்பெனி தர வேண்டியது 60,500.

முதல் ஆள் ஐடிவி 84,000 வைச்சிருக்கார், ஜீரோ டெப் எடுக்கலை. அவர் கோடு 63,000. கம்பெனியின் பொறுப்பு 60,500தான். கோட்டைத் தாண்டலை. ரிப்பேர். வண்டி சரியாகி வரும், கையிலிருந்து 17,500 போகும்.

இரண்டாவது ஆள் ரினியூவல் பண்ணும்போது ஐடிவியை 70,000க்கு இழுத்து விட்டார். அவர் கோடு 52,500. அதே 60,500 இப்போ கோட்டைத் தாண்டுது. டோட்டல் லாஸ். கையில் 69,900 வரும், வண்டி போயிடும். அதே மாடல், அதே வயசு வண்டியை வெளியில் வாங்கணும்னா அவர் பாக்கெட்டிலிருந்து மேல போடணும்.

மூணாவது ஆள் ஐடிவி 84,000, கூட ஜீரோ டெப். அவருக்குத் தேய்மானம் கழிக்க மாட்டாங்க. கம்பெனியின் பொறுப்பு 77,900. கோடு 63,000. டோட்டல் லாஸ். கையில் 83,900 வரும்.

ஒரே வண்டி. ஒரே மோதல். சர்வேயர் யாருக்கும் பாரபட்சம் காட்டலை. மூணு பேருக்கும் முடிவு வேற, அந்த வித்தியாசம் முழுக்க ரினியூவல் பேஜில் வந்தது.

இரண்டாவது ஆள் 14,000 ரூபாய் ஐடிவி குறைச்சதில் எவ்வளவு மிச்சம் பிடிச்சார்? பழைய டாரிஃபில் சென்னை மாதிரி நகரத்தில் 150 சிசி வரை உள்ள, 5 வருஷத்துக்குள்ளான வண்டிக்கு ஓன் டேமேஜ் விகிதம் 1.708 சதவீதம். அந்த விகிதத்திலேயே போட்டாலும் 239 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 282. இப்போ கம்பெனிகள் தர்ற டிஸ்கவுண்ட் போனால் அதை விடக் குறைவு. மாசத்துக்கு ஒரு காபி காசு கூட இல்ல. அதுக்காக 14,000 ரூபாய் பாதுகாப்பை விட்டுக் கொடுத்திருக்கார். திருட்டு போனாலும் அதே 70,000தான் கணக்கு.

"அப்போ ஐடிவியை எவ்வளவு ஏத்த முடியுமோ அவ்வளவு ஏத்திடலாமா?" வேணாம். ஐடிவி ஏறினால் கோடும் ஏறும். மோசமா அடிபட்ட வண்டி கோட்டுக்குக் கீழேயே நின்னு, உங்களுக்கு விருப்பம் இல்லாத ரிப்பேருக்குப் போகலாம். ஃபிரேம் வளைஞ்ச பைக்கை வாங்கி ஓட்டுறது யாருக்கும் சந்தோஷம் இல்ல. என் சிபாரிசு இதுதான்: அட்டவணைப்படி வர்ற ஐடிவி, கூட ஜீரோ டெப். டூவீலருக்கு ஜீரோ டெப் சில நூறு ரூபாய்தான். பெரும்பாலும் 5 வருஷம் வரைக்கும் தருவாங்க.

5 வருஷம் தாண்டின வண்டி வைச்சிருக்கீங்களா? ரினியூவல் பேஜ் ஒரு தொகையைத் தானா நிரப்பி வைச்சிருக்கும். அதை 'பரஸ்பர ஒப்புதல்'னு சொல்றது எனக்கு ஏற்புடையதா இல்ல. ஒரு பக்கம் மட்டும் தொகை எழுதி, இன்னொரு பக்கம் 'பே நவ்' அமுக்குறது எப்படி ஒப்புதல் ஆகும்? 25,000 ஐடிவி உள்ள வண்டிக்கு கோடு 18,750. ஒரு ஃபோர்க் செட், ஒரு டேங்க், ஹெட்லைட், பெயிண்டிங் போதும், அதைத் தொட்டுடும். செகண்ட் ஹேண்ட் விற்கிற இடங்களில் அதே மாடல் என்ன விலைக்குப் போகுதுன்னு பாருங்க. பேஜில் உள்ள தொகை அதை விட ரொம்பக் குறைவா இருந்தால் மாத்துங்க. மாத்த விடலைன்னா கஸ்டமர் கேருக்கு மெயில் போடுங்க, இல்ல வேற கம்பெனிக்குப் போங்க.

கம்பெனி பக்கத்தில் ஓடுற கணக்கு

டோட்டல் லாஸ் ஆனால் கம்பெனிக்கு ஆகுற நிஜச் செலவு ஐடிவி இல்ல. ஐடிவியில் சால்வேஜ் விலையைக் கழிச்ச மீதி. உடைஞ்ச வண்டியை ஏலத்தில் எடுக்க ஆள் இருக்கு. இஞ்சின் நல்லா இருந்தால், நல்லா விற்கிற மாடலா இருந்தால், சால்வேஜ் விலை அதிகம் வரும்.

முதல் ஆளையே எடுத்துக்கங்க. ரிப்பேருக்கு கம்பெனி தர வேண்டியது 60,500. சால்வேஜுக்கு 30,000 ஏலம் வந்தால், டோட்டல் லாஸ் பண்ணினா கம்பெனிக்கு ஆகுறது 54,000 சுத்தி. அப்போ 75 சதவீதத்தைத் தாண்டாமலே "டோட்டல் லாஸா செட்டில் பண்ணிக்கலாமா சார்?"னு கேட்பாங்க. சால்வேஜ் 12,000தான்னா, 72,000 ஆகும். அப்போ ரிப்பேர்தான்னு நிப்பாங்க. இதில் சதி ஒண்ணும் இல்ல. எனக்கு ஆடிட்டிங் கிளையன்ட்டா ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி இருந்தால் நானும் இதையேதான் எதிர்பார்ப்பேன். ஆனா நீங்க அந்தக் கணக்கைத் தெரிஞ்சுக்கிட்டு உட்காரணும். கோட்டுக்குக் கீழே கம்பெனியே டோட்டல் லாஸ் கேட்டால், அது அவங்களுக்கு லாபம். உங்க சம்மதத்துக்கு அங்க மதிப்பு இருக்கு. முழு ஐடிவிக்குக் குறைஞ்சு சம்மதிக்காதீங்க.

இதே இடத்தில் 'கேஷ் லாஸ்' என்று இன்னொரு ஆஃபர் வரலாம். "வண்டியை நீங்களே வைச்சுக்கங்க, ஒரு தொகை தர்றோம், வெளியில் பார்த்துக்கங்க" என்பது. ரிப்பேர் பில் இல்லாததால் பொதுவா ஜிஎஸ்டியைக் கழிச்சுடுவாங்க. தெரிஞ்ச மெக்கானிக் இருந்து, உண்மையிலேயே குறைஞ்ச செலவில் சரி பண்ண முடியும்னா ஓகே. இல்லன்னா வேணாம்.

அந்த ஒரு வாரத்தில் என்ன பண்ணணும்?

வண்டியைத் தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுங்க. கம்பெனிக்கு உடனே தகவல் சொல்லுங்க. சர்வேயர் பார்க்காமல் ஒரு போல்ட்டைக் கூட கழட்ட விடாதீங்க. சர்வேயர் பார்த்த பிறகு, சம்மதம் கொடுக்கிறதுக்கு முன்னாடி, முழுசா பிரிச்சுப் பார்த்து எஸ்டிமேட் போடச் சொல்லுங்க. வெளியிலிருந்து பார்த்துப் போட்ட எஸ்டிமேட் 50,000 இருக்கும். இஞ்சின் கேஸும் ஃபிரேமும் பிரிச்சால் 75,000 ஆகும். பாதி பார்ட்ஸ் ஆர்டர் போட்டதுக்கு அப்புறம் டோட்டல் லாஸ்னு மாறினால், சர்வீஸ் சென்டரோட பார்க்கிங் சார்ஜ், பிரிச்ச கூலின்னு தகராறு உங்க தலையில் வந்து நிக்கும்.

அடுத்து, கணக்கை எழுத்தில் கேளுங்க. "எந்தப் பார்ட்டுக்கு எவ்வளவு தேய்மானம், கம்பெனியின் பொறுப்பு எவ்வளவு, ஐடிவியில் அது எத்தனை சதவீதம், சால்வேஜ் ஏலத்தில் அதிகபட்சம் எவ்வளவு வந்தது"ன்னு ஒரே மெயில். இந்த நாலு பதில் இருந்தால் நான் மேலே போட்ட மாதிரி நீங்களே அஞ்சு நிமிஷத்தில் சரிபார்த்துடலாம். "எங்க வண்டி நல்லாத்தான் சார் இருக்கு"ன்னு கெஞ்சுறதை விட "50 சதவீதம் போட வேண்டிய பேனலுக்கு ஏன் முழுத் தொகை போட்டிருக்கீங்க"ன்னு கேட்கிறது வேலை செய்யும்.

கணக்கு தப்புன்னு நினைச்சால், முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்க. ஐஆர்டிஏஐயின் 'பீமா பரோசா' தளத்திலும் பதியலாம். ஒரு மாசத்தில் பதில் வரலை, அல்லது பதில் சரியில்லைன்னா, சென்னையில் இருக்கிற இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். கம்பெனி மறுத்த தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போகணும். பைக் கிளெய்முக்கு இது போதும் போதும்னு இருக்கும்.

லோன் இருக்கா?

பைக் மேல் லோன் இருந்தால், ஆர்சியில் பைனான்ஸ் கம்பெனி பெயர் இருக்கும். செட்டில்மென்ட் முதலில் அவங்களுக்குத்தான் போகும். ஐடிவி 70,000, லோன் பாக்கி 48,000ன்னா, உங்க கைக்கு வர்றது சுமார் 22,000. அதுதான் அடுத்த வண்டிக்கு உங்க டவுன் பேமென்ட். பாக்கி ஐடிவியை விட அதிகம்னா, இல்லாத வண்டிக்கு மீதி இஎம்ஐயை நீங்க கட்டணும். குறைஞ்ச முன்பணத்தில் லோன் எடுத்தவங்க ஐடிவி குறைக்கவே கூடாதுன்னு நான் பிடிவாதமா சொல்றது இதனாலதான்.

இன்னொண்ணு, கிளெய்ம் ஓடிட்டு இருக்குன்னு இஎம்ஐயை நிறுத்தாதீங்க. பைனான்ஸ் கம்பெனிக்கும் உங்க ஆக்சிடென்ட்டுக்கும் சம்பந்தம் இல்ல. சிபில் ஸ்கோரில் அடி விழும்.

வரி பற்றிக் கேட்பீங்க. சம்பளக்காரர் சொந்த உபயோகத்துக்கு வைச்சிருக்கிற பைக், வருமான வரிச் சட்டப்படி தனிப்பட்ட உபயோகப் பொருள். மூலதனச் சொத்து இல்ல. அதனால் இந்தத் தொகைக்கு கேபிடல் கெயின்ஸ் வராது.

பணம் வந்தாச்சு, ஆனா ஆர்சி?

இதைத்தான் நான் எல்லாத்தையும் விட முக்கியமா நினைக்கிறேன். வண்டியை விட்டுக் கொடுக்கும்போது, சால்வேஜ் எடுக்கிறவர் ஒரு பங்குப் பணத்தை நேரா உங்க அக்கவுண்டில் போடுவார், மீதியை கம்பெனி போடும். இப்படித்தான் நிறைய கிளெய்ம் முடியுது. சாவியைக் கொடுத்துட்டு, பார்ம் 29, 30ல் கையெழுத்துப் போட்டு வெள்ளையா விட்டுட்டு வந்துடுவோம்.

அந்த வண்டி உண்மையிலேயே பழைய இரும்புக்குத்தான் போச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. சரி பண்ணி ரோட்டுக்கு வரலாம். 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லிடுச்சு: ஆர்டிஓ பதிவில் யார் பெயர் இருக்கோ அவர்தான் மோட்டார் வாகனச் சட்டப்படி உரிமையாளர். கை மாறி கை மாறிப் போயிருந்தாலும், பதிவு மாறலைன்னா விபத்து நஷ்டஈட்டுப் பொறுப்பு பதிவு உரிமையாளருக்கு. நீங்க எப்பவோ டோட்டல் லாஸ் வாங்கி மறந்துபோன பைக், இன்சூரன்ஸ் இல்லாமல் ஒருத்தரை இடிச்சால், சம்மன் உங்க வீட்டுக்கு வரும். அது லட்சங்களில் போற தொகை.

அதனால் ரெண்டில் ஒண்ணு நடந்தே ஆகணும். வாங்கினவர் பெயருக்கு ஆர்சி மாறணும். அல்லது ஆர்சி ரத்தாகணும். வண்டி இனி ஓட்டவே முடியாத நிலையில் இருந்தால் 14 நாளுக்குள், முடியலைன்னா கூடிய சீக்கிரம், ஆர்டிஓவுக்குத் தெரிவிக்கணும்னு மோட்டார் வாகனச் சட்டம் 55வது பிரிவு உரிமையாளர் மேலேயே கடமையைப் போடுது. லோன் இருந்தால் முதலில் என்ஓசி வாங்கி ஹைப்பாதிகேஷனை நீக்கணும். வாங்குறவரின் ஆதார், முகவரி காப்பி, தேதியோட டெலிவரி நோட் ஒண்ணு வாங்கி வைச்சுக்கங்க. ஆனா பேப்பரை மட்டும் நம்பாதீங்க. ஒரு மாசம் கழிச்சு பரிவாஹன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்க. உங்க பெயர் இன்னும் இருந்தால் வேலை முடியலை.

இதில் எனக்கு கம்பெனிகள் மேல் ஒரு குறை உண்டு. ஏலம் நடத்தி ஆளைக் காட்டுறது கம்பெனி. விலையை நிர்ணயிக்கிறது கம்பெனி. அந்த விலையைக் கழிச்சுக்கிட்டு மீதியை மட்டும் தர்றதும் கம்பெனி. ஆனா பெயர் மாற்றத்துக்கான ரிஸ்க் மட்டும் பாலிசிதாரருக்கு. ஆர்சி மாறின அத்தாட்சி வந்த பிறகுதான் ஃபைலை மூடணும்னு ஒரு விதி வந்தால் இந்தப் பிரச்னை போயிடும். அதே மாதிரி, ரினியூவல் பேஜில் தானா நிரம்புற ஐடிவி, அட்டவணைப்படி வர்ற தொகையா இருக்கணும். குறைக்கணும்னா வாடிக்கையாளர் தெரிஞ்சே குறைக்கட்டும். பிரீமியம் மலிவாத் தெரியணும்கிறதுக்காக குறைஞ்ச ஐடிவியை முன்னாடி காட்டுறது நேர்மையான வியாபாரம் இல்ல.

அந்த விதி வரும்வரை நாமதான் பார்த்துக்கணும். இன்னைக்கு ஒரு வேலை மட்டும் பண்ணுங்க. பாலிசியைத் திறந்து மூணு விஷயத்தைப் பாருங்க: ஓன் டேமேஜ் இருக்கா, ஐடிவி எவ்வளவு, ஜீரோ டெப் இருக்கா. ஐடிவியை 0.75ஆல் பெருக்கிப் பாருங்க. அந்தத் தொகைக்கு மேல் அடி விழுந்தால் உங்க வண்டி உங்களுடையது இல்ல, ஐடிவி பணம்தான் உங்களுடையது. அந்தப் பணத்தில் அதே மாதிரி ஒரு வண்டி வாங்க முடியுமான்னு உங்களையே கேளுங்க. முடியாதுன்னு பதில் வந்தால், அடுத்த ரினியூவலுக்கு இன்னைக்கே மொபைலில் ரிமைண்டர் போட்டு வைங்க.

ஹெல்மெட் போட்டு ஓட்டுங்க. வண்டிக்கு ஐடிவி உண்டு. உங்களுக்குக் கிடையாது.